பெங்களூர்: ‘பேடா’வுக்கும் ‘பேக்கு’வுக்கும் நடுவே

காலை எட்டரை மணி. மெஜஸ்டிக் பஸ் நிலையத்திலிருந்து ஹெப்பாள் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பசவேஸ்வரா சர்க்கிளைத் தாண்டினால் கோல்ஃப் மைதானம், சற்றுத் தள்ளி அரண்மனை மைதானம், பிறகு மேக்ரி சர்க்கிள். அந்த சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை ஏழு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் நெரிசல் நேரத்தில் அதைக் கடப்பதற்குள் கையிலுள்ள பத்திரிகையை விளம்பரங்கள் உட்படப் படித்து முடித்துவிடலாம்.

இந்தச் சாலைக்கு மேலேதான் இரும்பில் ஒரு மேம்பாலம் வந்திருக்க வேண்டும். 2008 மே மாதம் விமான நிலையம் தேவனஹள்ளிக்கு இடம் மாறிய பிறகு, நகரின் வடக்கு வாசலான ஹெப்பாளில் கார்கள் குவிந்தன. அதற்கு அரசு கண்டுபிடித்த மருந்து 6.7 கி.மீ. நீள மேம்பாலம். செலவு ரூ 1,791 கோடி. 812 மரங்கள் வெட்டப்படும் என்றது கணக்கு. இணையத்தில் மக்கள் கருத்தும் கேட்கப்பட்டது. ஆனால் அதற்குள் வரைபடம் தயார். தாலி கட்டிய பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்ட கதைதான்.

2016 அக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை. இதே சாலையோரத்தில் ஆயிரக்கணக்கானோர் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். கட்சிக் கொடி பிடித்துப் பழகாத நடுத்தர வர்க்கம். கையில் அட்டை, வாயில் ஒரே சொல்: ‘பேடா’. தின்பண்டம் அல்ல, கன்னடத்தில் ‘வேண்டாம்’. அந்த மாதமே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வேலைக்குத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் அரசே திட்டத்தைக் கைவிட்டது. 2019-ல் சுமார் 100 கி.மீ. உயர்மட்டச் சாலைகள் என்று அதன் பெரியண்ணன் வந்தபோதும் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அதுவும் கிடப்பில் போடப்பட்டது.

பக்கத்து இருக்கையில் ஒரு பூக்கார அம்மா. காலடியில் மூட்டை. கே.ஆர். மார்க்கெட்டில் சரக்கு எடுத்துக்கொண்டு மெஜஸ்டிக்கில் பஸ் மாறியவர். 2023 ஜூனில் வந்த ‘சக்தி’ திட்டத்தால் அவருக்கு டிக்கெட் செலவு இல்லை. தமிழ் பேசுகிறவர் என்று தெரிந்ததும் மேம்பாலப் போராட்டம் பற்றிக் கேட்டேன்.

“பாத்தேன் சார். ரோட்டோரமா நின்னாங்க. நல்லதுதான், மரம் இருக்குது.”

“உங்களை யாராவது கேட்டார்களா அம்மா, என்ன வேண்டும் என்று?”

சிரித்தார். “எங்கள யாரு சார் கேக்கறாங்க? பஸ்ஸு நேரத்துக்கு வந்தாப் போதும். வெயிலேறினா பூ வாடிடும்.”

நகரப் போக்குவரத்து நிபுணர்களின் மொத்த அறிவும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. வாகனங்களை அல்ல, மனிதர்களை நகர்த்துவதே குறிக்கோள் என்று மத்திய அரசின் 2006-ம் ஆண்டு தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கை சொல்கிறது. பெங்களூரில் வாகனங்களின் எண்ணிக்கையோ ஒரு கோடியைத் தாண்டிவிட்டது.

‘பேடா’ சொல்லி ஜெயித்த நகரம் ‘பேக்கு’ என்றும் சொல்லிப் பார்த்தது. ‘பேக்கு’ என்றால் வேண்டும். நகரைச் சுற்றி ஏற்கனவே தண்டவாளங்கள் கிடக்கின்றன. அவற்றையொட்டி புறநகர் ரயில் விடுங்கள் என்ற பேச்சு 1980-களிலேயே தொடங்கிவிட்டது. ‘சுக்கு புக்கு பேக்கு’ என்ற கோஷத்தோடு குடிமக்கள் குழுக்கள் ரயில் நிலையங்களுக்கே போய்க் கேட்டன. 2020 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 148 கி.மீ., ரூ 15,767 கோடி, நான்கு தடங்கள். அவற்றுக்குப் பூக்களின் பெயர்: சம்பிகே, மல்லிகே, பாரிஜாத, கனக. மல்லிகே இந்த ஹெப்பாளைத் தொட்டுக்கொண்டு போகும். 2022 ஜூனில் பிரதமர் அடிக்கல் நாட்டியபோது 40 மாதங்கள் என்றார்கள். 2025 அக்டோபரில் கெடு முடிந்தது. ஒரு தடத்திலும் ரயில் ஓடவில்லை.

‘வேண்டாம்’ என்று சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ‘வேண்டும்’ என்பதற்கு நாற்பது வருஷம். ஏன்?

தெருவில் நின்று ஒரு திட்டத்தைத் தடுக்கலாம். திட்டம் தீட்டும் மேஜையில் உட்கார நாற்காலி வேண்டும். நாற்காலி சட்டத்தில் இருக்கிறது. 1992-ல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம், ஒவ்வொரு பெருநகருக்கும் ஒரு திட்டக் குழு வேண்டும் என்கிறது. அதில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு உள்ளாட்சிப் பிரதிநிதிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பவர்கள். பெங்களூருக்கு அந்தக் குழு கிடைக்கவே 2014 ஆனது. பிறகு 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. 2025 செப்டம்பரில் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. இடையில் ஐந்து வருஷம் தேர்தல் இல்லை. கவுன்சிலரே இல்லாத ஊரில், கவுன்சிலர்கள் நிறைந்த குழு எப்படி இருக்கும்?

பஸ், மெட்ரோ, ரயில், சாலை எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் திட்டமிட ஒரு போக்குவரத்து ஆணையம் அமைக்க 2022 இறுதியில் மசோதா நிறைவேறியது. ஆனால் அந்த ஆணையம் தன் நீண்டகாலத் திட்டத்தைப் போட்டு முடிக்கும் முன்பே ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை சுமார் 17 கி.மீ. சுரங்கச் சாலை கிளம்பிவிட்டது. மதிப்பீடு ரூ 17,000 கோடிக்கு மேல். மொத்தப் புறநகர் ரயிலுக்கும் ஒதுக்கியதைவிட அதிகம். 2025-ல் லால்பாக்கில் மறுபடியும் அட்டைகள், மறுபடியும் ‘பேடா’. மேலே வேண்டாம் என்றால் கீழே போகிறார்கள்.

வசதியுள்ளவர்கள் அட்டை பிடித்தாவது தங்கள் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவருக்கு அதற்கும் நேரமில்லை. ஒரு வார்டுக் கூட்டம், அவர் ஊர் திரும்பும் மாலை நேரத்தில், அவர் மொழியில் நடந்தால், 20 வருஷத் திட்டத்தின் முதல் பக்கத்தில் பஸ்தான் இருக்கும்.

ஹெப்பாளில் இறங்கினோம். தலைக்கு மேலே பாலம், அதற்குப் பக்கத்தில் இன்னொரு பாலம். பூக்கார அம்மா மூட்டையை இறக்கி, ஈரத் துணியை விலக்கினார். மல்லிகை இன்னும் வாடவில்லை. போவோர் வருவோரிடம் கேட்கத் தொடங்கினார்: “ஹூவு பேக்கா?”

வேண்டுமா? விற்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஒரு முழம் பூ விற்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது.