புரியாத படமா? திருவண்ணாமலைக் கல் பேசும் பேச்சு!

ஆளுயரத் தாள். முழுக்கக் கறுப்பு. அதில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள், சுழிகள், அங்கங்கே வளைவுகள். நடுவில் மின்னல் வெட்டியதுபோல ஒரு விரிசல். இதற்குச் சட்டம் போட்டு சென்னையில் ஏதாவது ஓர் ஓவியக் கண்காட்சியில் மாட்டினால், ‘மாடர்ன் ஆர்ட் போல... நமக்குப் புரியாதுப்பா’ என்று பாதிப்பேர் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார்கள்.

ஆனால், இதை எந்த ஓவியரும் வரையவில்லை. இது கல்லிலிருந்து எடுத்த அச்சு. கல்வெட்டு ஆய்வாளர்கள் இதை ‘மைப்படி’ என்கிறார்கள். இப்படி அச்செடுக்கத் தகுந்த கற்கள் நிறைந்த ஊர்களில் ஒன்று, திருவண்ணாமலை.

அண்ணாந்து பார்ப்பவர்கள் தவறவிடுவது

அருணாசலேஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்களின் கண் முதலில் போவது கிழக்கு ராஜகோபுரத்துக்குத்தான். 11 நிலை, 217 அடி. கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கிய பணி, தஞ்சை நாயக்கர் காலத்தில் முடிந்தது. உள்ளே போனால், ஹொய்சள மன்னர் வீர வல்லாளரின் பெயரைச் சுமக்கும் வல்லாள கோபுரம். எல்லாவற்றுக்கும் பின்னால், 2,668 அடி உயர மலை.

அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பதால், இடுப்பளவு உயரத்தில் இருப்பது கண்ணில் படுவதில்லை. சுவர்களிலும் அடித்தளக் கற்களிலும் வரிவரியாக எழுத்துகள். சோழர் காலம் தொடங்கி நாயக்கர் காலம் வரை வெட்டியவை. தரிசனக் களைப்பில் அந்தச் சுவரில்தான் பலரும் சாய்ந்து உட்காருகிறார்கள். முதுகுக்குப் பின்னால் ஆயிரம் ஆண்டுக் கணக்கு இருப்பது தெரியாமலே!

தாளும் தண்ணீரும் மையும்

மைப்படி எடுக்கப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. முதலில் கல்லைத் தண்ணீர் விட்டுத் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்கிறார்கள். நனைத்த தாளைக் கல்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்குகிறார்கள். ஓரளவு காய்ந்ததும், மை தடவிய பொதியால் தாளின் மேல் ஒற்றி எடுக்கிறார்கள். மேடான இடமெல்லாம் கறுப்பாகிவிடும். பள்ளத்தில் இருக்கும் எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும்.

செப்புத் தகட்டில் கீறி மை பூசி அச்செடுக்கும் ஓவியர்களுக்குப் படம் இடவலமாகத் திரும்பி விழும். மைப்படியில் அந்தச் சிக்கல் இல்லை. மை கல்லைத் தொடுவதே இல்லை. தாளின் வெளிப்பக்கத்தில்தான் விழுகிறது. அதனால் எழுத்து நேராகவே வந்துவிடுகிறது.

எழுத்தா, ஓவியமா?

அச்சு ஓவியத்துக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் உண்டு. எஸ்டோனியா என்ற சின்னஞ்சிறு நாட்டின் தலைநகர் தாலினில், அச்சு ஓவியத்துக்கென்றே 1968-ல் ஒரு விழா தொடங்கப்பட்டது. நம் ஊரிலும் உருவங்கள் இல்லாமல் கோடுகளையே அச்சு ஓவியமாக்கிய தேவகோட்டைக்காரர் ஆர்.எம்.பழனியப்பன் இருக்கிறார். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966-ல் உருவாக்கிய கே.சி.எஸ்.பணிக்கர், ‘சொற்களும் குறியீடுகளும்’ என்று ஒரு வரிசையே வரைந்தார். கட்டங்கள், குறிகள், எழுத்து மாதிரியே இருக்கும் கிறுக்கல்கள். வாசிக்க முடியாது, ஆனால், பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

மைப்படி அதற்கு நேரெதிர். பார்த்தால் கிறுக்கல், படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு மனிதரின் குரல். அணையா விளக்குக்கு ஆடு கொடுத்தவர், நிலம் எழுதிவைத்தவர் என எத்தனையோ பேர் சோழர் காலக் கல்வெட்டுகளில் இருக்கிறார்கள்.

ஒரு நாயின் பெயர்

திருவண்ணாமலையிலிருந்து கிருஷ்ணகிரி சாலையில் போனால் செங்கம். இந்த வட்டாரமே நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. ஆநிரை கவர வந்தவர்களோடு மோதி இறந்த வீரர்களுக்கு எழுப்பிய கற்கள் அவை. அந்தக் கல்வெட்டுகளைத் திரட்டி, ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலைத் தமிழக அரசின் தொல்லியல் துறை 1972-ல் வெளியிட்டது.

அவற்றில் எடுத்தனூர் நடுகல் தனி ரகம். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். திருடர்கள் இருவரைக் கடித்து விரட்டி, காவல் நின்றதாம். சுமார் 1,400 ஆண்டுகள் கழித்தும் ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. யாரோ கல்லில் வெட்டினார்கள். யாரோ பொறுமையாக வட்டெழுத்தைப் படித்தார்கள். அவ்வளவுதான் காரணம்!

கல் தேய்ந்தால்?

கல் சாகாது என்று நினைக்கிறோம். உண்மையில், கோயில் சுவர்கள்மேல் பூசிய சுண்ணாம்பும் பெயின்ட்டும், சுத்தம் செய்கிறேன் என்று மணலைப் பீய்ச்சி அடித்ததும் தமிழ்நாட்டில் எத்தனையோ கல்வெட்டுகளை மழுங்கடித்துவிட்டன. அப்படிப்பட்ட இடங்களில் எப்போதோ எடுத்த மைப்படிதான் ஒரே சாட்சி.

மத்திய தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1886 முதல் திரட்டிய படிகள் மைசூரில் இருந்தன. தமிழ்க் கல்வெட்டுகளின் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தாளுக்காக நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்றால், அந்தத் தாளின் மதிப்பைப் புரிந்துகொள்ளலாம். திருவண்ணாமலைக் கோயிலின் கல்வெட்டுகளும் பத்திரமாக நூலேறிவிட்டன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் அவற்றை 1990-ல் இரண்டு பகுதிகளாக வெளியிட்டது.

அடுத்த பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவர்கள், கோயிலுக்குள் ஐந்து நிமிடம் கூடுதலாக ஒதுக்கலாம். சுவரோரம் குனிந்து, ஒரே ஓர் எழுத்தையாவது அடையாளம் காண முடிகிறதா என்று குழந்தைகளோடு தேடலாம். கையில் மிஞ்சிய விபூதியையும் குங்குமத்தையும் மட்டும் அந்தக் கல்லில் தடவ வேண்டாம்.

பழைய கல்வெட்டுகள் பலவும் ஒரே மாதிரிதான் முடியும்: இந்தத் தர்மத்தைக் காப்பவரின் பாதம் என் தலைமேல் என்று. கொடுத்தவர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தக் கும்பிடு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் நமக்கும் சேர்த்துத்தான்.