பெயர் பொறித்த களி

பல்பகுதியக் களிமண் என்னும் பெயரே ஒரு மயக்கம். அதில் மண் கிடையாது. பொலிவைனைல் குளோரைட்டுத் துகளும் அதனை இளக்கிவைக்கும் திரவமும் நிறமுமே உள. குயவனின் மண் சூளைத் தீயை வேண்டுவது. பீமோ என்னும் வகைக்கோ வீட்டுப் போறணையில் 110 பாகை செல்சியஸ் வெப்பம் அரைமணி நேரம் போதும். வெப்பம் மிகுந்தால் கருகி நச்சுவாயுவைக் கக்கும்.

பீமோ ஜேர்மனியில் பிறந்தது. பாவை செய்து புகழீட்டிய கேதே குறூசவின் மகள் சோபி கையாண்ட இக்களி 1960களிற் சந்தைக்கு வந்தது. அவரது செல்லப்பெயரான பீபியும் மொசைக் என்ற சொல்லும் இணைந்தே அப்பெயர் அமைந்தது.

அந்நாட்டு நத்தார் மரத்திற்கு லவுஷா ஊரார் ஊதிய கண்ணாடி உருண்டைகள் 19ஆம் நூற்றாண்டிலேயே பேர்பெற்றவை. அவை பயின்ற கைவினைஞருக்கே வாய்ப்பன. இக்களியோ சிறுவருக்கும் இணங்கும். பிசைந்து, தட்டி, விண்மீனாக வெட்டி, நூல் கோக்கத் துளையிட்டு (சுடுமுன்னரே இடவேண்டும்), பாட்டியின் பெயரையும் ஆண்டையும் குச்சியாற் கீறிச் சுட்டெடுத்தால் பரிசு ஆயிற்று.

இது மக்காத பொருள் எனச் சூழலியலார் பழிப்பது நியாயமே. ஆயினும் ஆண்டுக்கொருமுறை பெட்டியினின்று எடுத்துத் தொங்கவிடும் பொருளுக்கு அவ்வழியாமையே வேண்டப்படுகின்றது.

கடைக்காரரும் பெயர் பொறித்துத் தருகின்றனரே, வேறுபாடு யாது எனச் சிலர் வினவுவர். வேறுபாடு பெயரில் இல்லை. இக்களி தொட்டவரின் விரல்ரேகையை அப்படியே பற்றிக்கொள்ளும். தேர்ந்தோர் அதனை உரத்தாளால் தேய்த்து நீக்குவர். நீக்காது விடுவதே நன்று. ஐந்து வயதுப் பிள்ளையின் பெருவிரற் பதிவு அடுத்த நத்தாருக்குள் அளவு மாறிவிடும்; பாட்டியும் அதற்குள் இல்லாது போகலாம்.