பிக்மி நம்பர் இருக்கா?

பிரசவ வார்டுக்கு யார் வந்தாலும் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. தமிழ்நாட்டில் 2008-இல் தொடங்கிய கர்ப்பிணிப் பதிவு முறைதான் பிக்மி. கிராம சுகாதாரச் செவிலியர் பதிந்ததும் 12 இலக்க எண் கிடைக்கும். பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும், மகப்பேறு நிதியுதவிக்கும் வேண்டும். தாலுகா மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் நானும் வெகுகாலம் அதைச் சான்றிதழுக்கான எண்ணாகவே பார்த்துவந்தேன்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த ஒரு பெண்ணை நடுராத்திரியில் வலியோடு அழைத்து வந்தார்கள். "கார்டு மாமியார் வீட்டுலயே இருக்கு சிஸ்டர்" என்றார் அந்தப் பெண்ணின் அம்மா. எந்த ஊசி, என்ன மாத்திரை என்று கேட்டால், "எல்லாம் அங்கதான் பாத்தாங்க." வெளியூரில் இருந்த கணவருக்குப் போன் போட்டு எண்ணை வாங்கிக் கணினியில் தட்டினேன். ரத்த வகை பி நெகட்டிவ். ஏழாம் மாதம் ஹீமோகுளோபின் 8.2, இரும்புச்சத்து ஊசி ஏற்றிய பிறகு 9.6. டாக்டர் உடனே ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். வகை உறுதியானதும் ரத்த வங்கிக்குத் தகவல் போனது. விடியுமுன் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு பாசிட்டிவ். தாய்க்கு 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஆன்டி-டி ஊசியை அன்று காலையே போட்டுவிட்டோம். ரத்தம் ஏற்றும் தேவை வரவில்லை.

எங்கோ ஒரு துணை சுகாதார நிலையத்தில், வீடுவீடாக நடந்து திரும்பிய பிறகு அந்த 8.2-ஐப் பதிந்த செவிலியரை நான் பார்த்ததே இல்லை. அவர் அங்கே குறையே இல்லாததுபோல் 11 என்று போட்டிருந்தால்? மாதக் கடைசி ரிப்போர்ட் நெருக்கடியில் எல்லோருக்கும் 11, எல்லோருக்கும் பிபி 110/70 என்று வரிசையாக நிற்கும் பதிவுகளையும் கண்டிருக்கிறேன். அவற்றை ஏற்றியவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒரே அளவை அட்டையில், பதிவேட்டில், கணினியில் என்று திரும்பத் திரும்ப எழுதுகிறவர்கள் அவர்கள். எங்கள் வார்டிலும் அதே நிலைதான். கேஸ் ஷீட், பார்டோகிராப், பிரசவப் பதிவேடு எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் கணினி. சர்வர் கிடைக்காவிட்டால் அடுத்த ஷிப்டு தலையில் விழும். வலியில் துடிக்கிற பெண்ணின் பக்கத்தில் நிற்க வேண்டிய நேரம்தான் இதில் போகிறது.

கணினியில் ஏற்றிய ஒன்றை மறுபடியும் பதிவேட்டில் எழுதச் சொல்லாதீர்கள் என்று அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுகிற வேலை குறைந்தால் ஏறுகிற எண் உண்மையாக இருக்கும். தாய்வீட்டுக்குக் கிளம்பும் தங்கைகளே, உங்கள் பிக்மி எண்ணை அம்மாவின் போனிலும் பதிந்து வையுங்கள்.