இடுப்பில் பாதி, பெட்டியில் பாதி

2024-ஆம் ஆண்டு வைகாசியில், ஜெர்மனி தேசத்து டிரெஸ்டன் நகரில் பயிலும் எங்கள் புதல்வனைக் காணத் தில்லியிலிருந்து புறப்பட்டோம். இக்கட்டுரையில் 'நாங்கள்' என்பது கணவன் மனைவி இருவரையும் குறிக்கும். முப்பத்திரண்டு ஆண்டுகளாக நாங்கள் தயக்கமின்றி வழங்கிவரும் சொல் அது. பணம் என்னும் துறையில் அச்சொல் எவ்வளவு தூரம் மெய் என்பதை அந்தப் பயணமே எங்களுக்குப் புலப்படுத்திற்று. வெளிநாட்டிலுள்ள மக்களைக் காணச் செல்லும் பெற்றோர் நம் சங்கத்துக் குடும்பங்களில் ஆண்டுக்காண்டு பெருகி வருகின்றனர். எங்கள் அனுபவம் அவர்களில் சிலருக்கேனும் துணையாகும் என்ற எண்ணத்தில் இதனை எழுதுகிறோம்.

எங்களுள் கணவரின் தந்தையார் 1958-ல் கும்பகோணத்தை விட்டு உத்தியோகத்தின் பொருட்டுத் தில்லிக்கு வந்தவர். சென்னையில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் ஏறுவதற்கு முன் அவருடைய அன்னையார், இருந்த சில நூறு ரூபாயை இரண்டாகப் பிரித்து, "இடுப்பிலே பாதி, பெட்டியிலே பாதி வைடா. ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்" என்று சொல்லி அனுப்பினாராம். பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது மனைவியார் இதனை நினைவூட்டினார். கணவர் நகைத்தார். "இது மூட்டை முடிச்சுக் காலமா? கார்டு இருக்கே!" என்றார்.

அவர் நகைத்ததிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. 1960-களில் கடல் கடந்து சென்றவர்களுக்குக் கிடைத்த அன்னியச் செலாவணி மிகச் சொற்பம். எட்டு டாலருடன் விமானம் ஏறிய கதையைச் சொல்லாத அக்கால மாணவர் அரியர். 1950-ல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் அட்டை தோன்றியது; நம் நாட்டில் 1980-ல் சென்ட்ரல் பாங்க் ஆப் இந்தியா கடன் அட்டையை வழங்கத் தொடங்கியது. இன்று ஓய்வூதியம் பெறும் ஓர் எளிய குடும்பத்தின் கையிலும் உலகெங்கும் செல்லுபடியாகும் அட்டை இருக்கிறது. இது வியப்புக்குரிய வளர்ச்சியே. ஆயினும் அட்டை வேறு, பணம் வேறு. அட்டை என்பது ஒருவர் பெயரின் மீது வங்கி வைத்திருக்கும் நம்பிக்கை. அந்நம்பிக்கைக்கு ஓர் எல்லையும் உண்டு.

புறப்படும் முன் கணவர் சில காரியங்களைச் செம்மையாகவே செய்தார். 2020-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி வகுத்த விதியின்படி, புதிதாக வழங்கப்படும் அட்டை உள்நாட்டில் மட்டுமே இயங்கும்; வெளிநாட்டு உபயோகத்தை அட்டைக்கு உரியவரே வங்கியின் செயலி வாயிலாகத் திறந்துவிட வேண்டும். அதைத் திறந்தார். அட்டையின் நான்கு இலக்க இரகசிய எண்ணையும் மனப்பாடம் செய்துகொண்டார். நம் ஊரில் ஐயாயிரம் ரூபாய் வரை அட்டையைத் தொட்டு எடுத்தாலே போதுமாகையால் அந்த எண் மறந்துபோவது இயல்பு. ஐரோப்பாவில் பெரும்பாலும் ஐம்பது யூரோவைத் தாண்டினால் பொறி அவ்வெண்ணைக் கேட்கும்.

பத்து நாள் மகனுடன் இருந்தோம். அவனுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை மிகுதியாகவே, நாங்கள் இருவர் மட்டும் பிராகு நகரையும் வியன்னாவையும் கண்டு வருவதென்று இரயில் ஏறினோம். பிராகு செக் நாட்டின் தலைநகரம். அங்கு வழங்கும் நாணயம் யூரோ அன்று, கொருனா. முதல் நாள் உணவு விடுதியில் பணம் செலுத்துகையில், "ரூபாயில் செலுத்துகிறீர்களா, கொருனாவிலா?" என்று பொறி வினவிற்று. அன்னிய மண்ணில் ரூபாய் என்ற சொல்லைக் கண்ட மகிழ்ச்சியில் கணவர் ரூபாயைத் தொட்டுவிட்டார். அந்த மகிழ்ச்சிக்கு விலை இருந்தது. அவ்வாறு தேர்ந்தால், மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது நம் வங்கியன்று. கடைக்காரர் பக்கத்தினர் தம் இலாபத்தையும் சேர்த்து நிர்ணயிக்கிறார்கள். போதாததற்கு, வெளிநாட்டுக் கடையில் ரூபாயிலேயே செலுத்தினாலும் தனிக் கட்டணம் வசூலிக்கும் வங்கிகள் உண்டு. எந்த நாட்டில் இருக்கிறோமோ அந்த நாட்டு நாணயத்தையே தேர்வதுதான் முறை.

அவ்வாறு தேர்ந்தாலும் செலவு இல்லாமற் போவதில்லை. எங்கள் அட்டையில் அன்னிய நாணயச் செலவுக்கு நூற்றுக்கு 3.5 ரூபாய் கட்டணம். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆக, ஓர் இலட்சம் ரூபாய் செலவிட்டால் 4,130 ரூபாய் கட்டணமாகவே போய்விடும். இக்கட்டணம் குறைந்த அட்டைகளும், அறவே இல்லாத அட்டைகளும் உள்ளன என்பதைத் திரும்பி வந்த பின்பே விசாரித்து அறிந்தோம். கடன் அட்டையைக் கொண்டு ஏ.டி.எம்.மில் ரொக்கம் எடுப்பதோ இன்னும் தவறு. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. எடுத்த நாள் முதலே வட்டியும் ஓடும்.

இவையெல்லாம் பண நஷ்டம். பெரிய பாடம் வியன்னாவில் காத்திருந்தது.

அங்கு ஷோன்ப்ருன் அரண்மனைத் தோட்டத்து மேட்டின்மேல் க்ளோரியெட் என்னும் மண்டபம் ஒன்று இருக்கிறது. அதைக் கண்டு இறங்குகையில், மழையில் நனைந்திருந்த சரிவில் கணவர் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. வாடகைக் கார் ஒன்றில் ஏறி ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம். மரியாதையுடன் வரவேற்ற அவர்கள், ஊடுகதிர்ப் படத்துக்கும் வைத்தியத்துக்குமாக 280 யூரோ முன்பணம் கட்டச் சொன்னார்கள். விசாவின் பொருட்டு முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத காப்பீடு எடுத்தேயிருந்தோம். ஆனால் இத்தகைய சிறு செலவை நாம் முதலில் கட்டிப் பின்னரே கேட்டுப் பெற வேண்டும்.

கணவர் இடக்கையால் அட்டையை நீட்டினார். பொறி மறுத்தது. மீண்டும் நீட்டினார், மீண்டும் மறுத்தது. மனைவியாரின் கைப்பையில் அவர் பெயர் பொறித்த அட்டையொன்று இருந்தது. அதுவும் மறுக்கப்பட்டது.

காரணத்தை அன்றே அறிந்தோம். அட்டையின் எல்லை இரண்டு இலட்சம் ரூபாய். விமானச் சீட்டுகளின் விலை 1,18,000 ரூபாயை அதிலேயே எழுதியிருந்தோம். அந்தக் கடனை இன்னும் அடைக்கவில்லை. பிராகு விடுதியும் வியன்னா விடுதியும் தங்கியவரின் பொறுப்புக்காக ஒரு தொகையைப் பிடித்து வைத்திருந்தன. அத்தொகை செலவாகக் கணக்கில் ஏறுவதில்லை. ஆயினும் விடுவிக்கப்படும் வரை, நாட்கணக்கில், நம் எல்லையை அது விழுங்கிக்கொண்டிருக்கும். அறை வாடகையும் இரயில் கட்டணமும் சேர்ந்து, மிஞ்சியது பன்னிரண்டாயிரம் ரூபாய்கூட இல்லை. மனைவியாரின் அட்டையோ கணவர் கணக்கின் துணை அட்டை. ஒரே கிணற்றுக்கு இரண்டு வாளி. கிணறு வற்றினால் எந்த வாளியை விட்டு என்ன பயன்?

மனைவியார் வங்கியை அழைத்தார். எல்லையைச் சற்று உயர்த்தித் தருமாறு வேண்டினார். மறுமுனையில் இருந்தவர் பணிவாகவே பதில் சொன்னார்: "மன்னிக்கவும் அம்மா, நீங்கள் கணக்குக்கு உரியவர் அல்லர். அவரிடம்தான் நாங்கள் பேச முடியும்." விதியின்படி அவர் சொன்னது சரியே, கண்டவரிடமெல்லாம் கணக்கைப் பேசும் வங்கியை யார்தாம் நம்புவார்கள்? ஆனால் முப்பத்திரண்டு ஆண்டுகளாகப் பால் கணக்கு முதல் பள்ளிக் கட்டணம் வரை குறிப்பேட்டில் எழுதி, அந்த அட்டையின் கடனையும் மாதந்தோறும் நாள் தவறாமல் அடைக்க வைத்தவர் அவர். அந்த ஒரு வாக்கியம் அவரை எவ்வாறு தைத்தது என்பதை, வலியினூடேயும் கணவர் அவர் முகத்தில் கண்டார். மகனை அழைத்தோம், ஆய்வுக்கூடத்தில் இருந்தமையால் அவன் எடுக்கவில்லை.

மனைவியார் ஒன்றும் பேசவில்லை. கைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடிக் கூடு ஒன்றை எடுத்தார். அதனுள் நான்காக மடித்த எட்டு ஐம்பது யூரோத் தாள்கள் இருந்தன. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன், கரோல் பாகில் உரிமம் பெற்ற நாணய மாற்றுநரிடம் தம் கடவுச்சீட்டையும் பான் அட்டையையும் காட்டி, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கியிருக்கிறார். எண்ணி ஆறு தாள்களைக் கொடுத்தார். மீதி இருபது யூரோவையும் இரசீதையும் வாங்கி, மீண்டும் கூட்டில் வைத்துக்கொண்டார்.

எலும்பில் சிறு கீறல்தான். கட்டுப் போட்டு அனுப்பினார்கள். வெளியே வந்ததும் கணவர், "சொல்லியிருக்கலாமே" என்றார். "சொன்னா சிரிப்பீங்க" என்றார் மனைவியார். அதற்கு விடை இல்லை. கட்டிய தொகையில் எங்கள் பங்கு கழிந்து எஞ்சியதைக் காப்பீட்டு நிறுவனம் பின்னர் திருப்பித் தந்தது. இரசீதைப் பத்திரமாகக் காத்தவரும் மனைவியாரே.

தில்லி திரும்பியதும் முதல் வேலையாக, மனைவியார் பெயரில் தனிக் கடன் அட்டை கேட்டோம். அவருக்குச் சம்பளம் இல்லை. சம்பளச் சான்று இன்றி வங்கிகள் எளிதில் தருவதில்லை. ஆனால் தம் பெயரில் நிரந்தர வைப்பு நிதி உடையவர்க்கு அதனையே பிணையாகக் கொண்டு அட்டை தரும் முறை பல வங்கிகளில் இருக்கிறது. அவ்வாறு பெற்றார். இப்போது எங்கள் வீட்டில் கிணறு இரண்டு.

இனிப் பயணம் புறப்படும் அன்பர்கள், விமானச் சீட்டுக்கான கடனை அடைத்துவிட்டுக் கிளம்புக. வெவ்வேறு வங்கிகளின் இரண்டு அட்டைகளை வெவ்வேறு பைகளில் வைத்துக்கொள்க. வங்கியில் பதிந்த தொலைபேசி எண் வெளிநாட்டிலும் உயிருடன் இருக்குமாறு செய்துகொள்க, ஓ.டி.பி. அந்த எண்ணுக்கே வரும். சில நாள் செலவுக்குப் போதுமான ரொக்கமும் கையில் இருக்கட்டும். எல்லாவற்றினும் மேலாக, வீட்டிலுள்ள இருவருக்கும் தம்தம் பெயரில் ஒரு கணக்கும் ஓர் அட்டையும் இருத்தல் வேண்டும். 'நம் பணம்' என்று நாம் சொன்னாலும், வங்கியின் ஏட்டில் அது ஒருவர் பெயரில்தான் இருக்கிறது. அந்த ஒருவர் விழுந்துவிட்டால் மற்றவர் கையில் என்ன இருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கும்பகோணத்து மூதாட்டி கடன் அட்டையைக் கண்டதில்லை. ஆயினும், அடுத்த பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது இடுப்பில் எது, பெட்டியில் எது என்று மனைவியாரிடம் கணவரே கேட்கிறார்.