டெஸ்ட் லாம்ப் சொன்ன பொய்

"லீவுல என்னடா பண்ணினே?" என்று கேட்ட எல்லோரிடமும் "ஒரு பழைய காருக்கு உயிர் கொடுத்தேன்" என்று அளந்து வைத்திருக்கிறேன். பாதி உண்மை. மலர்க்குழு கட்டுரை கேட்டு விரட்டுவதால் மீதிப் பாதியை இங்கே ஒப்புக்கொள்கிறேன் நண்பர்களே!

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். எனக்குத் தாத்தா முறை மாதிரி. அவரிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-ல் டிரயம்ஃப் ஹெரால்டாக வந்து, 1961 முதல் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் தயாரான வண்டி. டிசைன் செய்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமும் முன்பக்கமாகக் கவிழும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். நம்ம லேபில் எந்த வண்டியிலும் அந்தச் சுகம் கிடையாது!

போன மே மாதம் அதன் ஹாரன் ஊமையாகிவிட்டது. "நீதான ஆட்டோமொபைல் படிக்க, பாரு பேராண்டி" என்றார் தாத்தா. விடுவேனா?

சர்க்யூட் ரொம்பச் சின்னது. பாட்டரி கரண்டு ஹாரனின் ஒரு முனையில் எப்போதும் காத்திருக்கும். மறுமுனை ஒயர் ஸ்டீயரிங்கில் உள்ள பட்டனுக்குப் போகும். பட்டனை அமுக்கினால் ஸ்டீயரிங் ராடு வழியாக எர்த் கிடைத்து ஹாரன் கத்தும். நான் டெஸ்ட் லாம்பை எடுத்தேன். ஹாரன் முனையில் வைத்தேன், எரிந்தது. சப்ளை ஓ.கே. பாட்டரிக்கும் ஸ்டீயரிங் ராடுக்கும் நடுவில் வைத்தேன், அதுவும் பளிச்சென்று எரிந்தது. எர்த்தும் ஓ.கே. அப்போ ஹாரன்தான் அவுட். ரெக்கார்டு நோட்டில் எழுதுகிற மாதிரியே முடிவு எழுதிவிட்டேன். ஹாரனைக் கழற்றி பாட்டரியில் நேரடியாகக் கொடுத்துப் பார்க்க ரெண்டு நிமிஷம் ஆகாது. அதைச் செய்யவில்லை.

தாத்தாவிடம் எழுநூறு ரூபாய் வாங்கிப் புது ஹாரன் வாங்கினேன். பழையதைக் காயலான் கடையில் போட்டேன். நாற்பது ரூபாய் கொடுத்தார்கள். டீயும் ரெண்டு வடையும் சாப்பிட்டேன்.

புது ஹாரனை மாட்டிப் பட்டனை அமுக்கினால், "டிக்". அவ்வளவுதான்.

தாத்தா முகத்தைப் பார்க்காமல் ஓடிப்போய், பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சியைக் கூட்டி வந்தேன். அவர் பத்தாவது தாண்டாதவர். என்னைப் பட்டனை அமுக்கச் சொல்லிவிட்டு, மீட்டரின் ஒரு முனையை ஸ்டீயரிங் ராடிலும் மறுமுனையை சேஸிஸிலும் வைத்தார். 8 வோல்ட் காட்டியது.

"எர்த்துன்னா பூஜ்யம்லா காட்டணும்? 12-ல 8 இங்கனயே போச்சுன்னா ஹாரனுக்கு என்னத்தக் குடுப்ப?"

ஹெரால்டில் ஸ்டீயரிங் ராடு நடுவில் ஒரு ரப்பர் கப்ளிங் உண்டு. ரப்பரில் கரண்டு போகாது. அதனால் பின்னிய செம்புக் கம்பி ஒன்றை அதன் குறுக்கே போட்டிருப்பார்கள். அந்தக் கம்பி ஏறக்குறைய அறுந்து, மிச்சம் இருந்த இழைகளும் களிம்பு ஏறிப் பச்சையாகக் கிடந்தன. இரண்டு ஓம் ரெசிஸ்டன்ஸ் என்று வையுங்கள். என் டெஸ்ட் லாம்ப் 3 வாட், கால் ஆம்பியர்தான் இழுக்கும். அதற்கு அரை வோல்ட்தான் நஷ்டம், ஆகவே பளிச்சென்று எரியும். ஹாரனோ 4 ஆம்பியர் இழுக்கும். அதற்கு எட்டு வோல்ட் போய்விடும்! ஓம்ஸ் லா முதல் வருஷமே படித்ததுதான். அதில் எனக்கு நல்ல மார்க்கு வேறு.

அண்ணாச்சி புதுக் கம்பி போட்டார். ஹாரன் தெருவே அதிரக் கத்தியது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு காயலான் கடைக்குப் பறந்தேன். லோடு காலையிலேயே லாரியில் போய்விட்டதாம்.

தாத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய ஹாரன் நன்றாகத்தான் இருந்திருக்கும் என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "சரி, போட்டும்" என்றார்.

சாயங்காலம் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். எத்தனையோ வருஷமாக அந்தச் சத்தம் கேட்டதும் அடுப்படியிலிருந்து ஆச்சிதான் வந்து கேட்டைத் திறப்பாள். அன்றைக்கு வரவில்லை. இன்னொரு தடவை அடித்தார். நான்தான் போய்த் திறந்தேன்.

"யாரு வீட்டு வண்டியோன்னுல்லா நெனச்சேன்" என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஆச்சி வெளியே வந்தாள்.

தாத்தா என் பக்கம் திரும்பவில்லை. "புது ஹாரன். நல்லாத்தான் இருக்கு" என்றார்.