என் கையெழுத்து

புதுச்சேரியில் அப்பா விட்டுப்போன வீட்டின் தெருப்பக்க அறையில் ஒரு தையற்காரர் பல வருடங்களாகக் கடை வைத்திருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் அந்த வீட்டுக்கு வந்த வரிச் சீட்டைப் பார்த்துத் தலை சுற்றியது. பழைய வரியைப் போல நாலு மடங்குக்கும் மேல். ஒப்பந்தப்படி, வரி ஏறினால் ஏறிய தொகை கடைக்காரர் பொறுப்பு. அவரிடம் காட்டினேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "முசியே, இதையும் கட்டிக்கிட்டு இங்க தைக்க முடியாது. தை பொறந்ததும் வேற இடம் பாத்துக்கறேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

சீட்டில் 'கடை, 142 சதுர மீட்டர்' என்று இருந்தது. கடை மொத்தமே 26. வந்து அளக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எழுதியிருக்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரம். 34 வருடம் அரசாங்க குமாஸ்தாவாக இருந்தவன். எத்தனையோ பேர் மனுவை 'விதிகளில் இடமில்லை' என்று எழுதித் திருப்பியவன். எனக்கே இப்படியா? இரண்டு பக்கத்துக்கு ஆட்சேபணை எழுதினேன். கொஞ்சம் காரமாகவே.

வரிப் பிரிவில் இருந்த பெண்ணுக்கு என் பேத்தி வயது. மனுவை முழுக்கப் படித்தாள். கோப்பைப் புரட்டி ஒரு படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"சார், இது உங்க கையெழுத்துதானே?"

என்னுடையதுதான். முன்பு நான் பூர்த்தி செய்து கொடுத்த படிவம். கட்டடப் பரப்பு 142. உபயோகம் கடை.

நடந்தது இதுதான். வீட்டுப் பத்திரம் 1958-ல் நொத்தேர் முன்னால் பிரெஞ்சில் எழுதியது. அதில் மனையின் அளவு 1 ஆர் 42 சாந்தியார். ஓர் ஆர் 100 சதுர மீட்டர், ஒரு சாந்தியார் ஒரு சதுர மீட்டர். கணக்கு சரி. ஆனால் மனை அளவைக் கட்டடம் என்ற கட்டத்தில் எழுதிவிட்டேன். முற்றம், கிணறு, பின்கட்டு எல்லாம் கடையாகிவிட்டது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததால் வீட்டில் அந்தப் பத்திரத்தைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று ஒரு பெருமை வேறு. உங்களில் யாரிடமாவது அப்படிப் பத்திரம் இருந்தால், வரிப் படிவத்தில் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "கெடு முடிய இன்னும் மூணு நாள் இருக்கு சார். அளவைத் திருத்தச் சொல்லி எழுதிக் குடுங்க, போதும்" என்று ஒரு வெள்ளைத்தாள் தந்தாள். இரண்டு பக்க மனுவைப் பைக்குள் திணித்துக்கொண்டு, பிழை என்னுடையது, நேரில் அளந்து திருத்த வேண்டுகிறேன் என்று ஐந்து வரி எழுதினேன். வீட்டு வரைபடமும் வாடகை ஒப்பந்தமும் பழைய ரசீதும் சேர்த்துக் கொடுத்தேன்.

டேப்போடு வந்து அளந்தார்கள். கடை 26, பின்கட்டு 51, மீதி திறந்தவெளி. ஆறு வாரத்தில் திருத்திய சீட்டு வந்தது. பழைய வரியைவிட அதுவும் அதிகம்தான். முன்பு அந்த அறையையும் குடியிருப்பாகவே கணக்கில் வைத்திருந்தார்கள். அதற்கு நான் என்ன ஆட்சேபிப்பது?

கடைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப ஆபீசுல தப்பு இல்லியா முசியே?"

"இல்லை."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு மிஷினை மிதிக்க ஆரம்பித்தார். தை வந்து போயிற்று, அவர் போகவில்லை. அந்த வருடம் ஏறிய தொகையை நானே கட்டினேன்.