க்குள், வரை, லிருந்து

நான் படித்த பள்ளியில் வகுப்புக்குள் தமிழ் பேசினால் அபராதம். ஆங்கிலத்திலேயே யோசி என்பார்கள். நான் ஒருநாளும் அப்படி யோசித்ததில்லை. மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். 9 மணிக்கு என்றால் அட், 10ஆம் தேதியன்று என்றால் ஆன், மார்ச்சில் என்றால் இன். மதிப்பெண் வந்தது, வழியை மட்டும் கூச்சத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர்களுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கூச்சம் போனது. நாள் முழுக்க பையருக்கு மெயில் எழுதுகிறவர்கள் அவர்கள். தேதி பிசகினால் ஆர்டரே ஆட்டம் காணும். ஒரு பெண் தன் மெயிலைக் காட்டினாள்: "வீ வில் செண்ட் தி சாம்பிள்ஸ் அன்டில் ஃப்ரைடே."

"என்ன கண்ணு சொல்ல வர்றே? தமிழ்ல சொல்லு."

"வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிருவோங்க சார்."

'க்குள்' வந்தால் பை, 'வரைக்கும்' வந்தால் அன்டில் என்றேன். "அப்ப வெள்ளிக்கிழமை வரைக்கும் அனுப்பிட்டே இருப்போம்னு எழுதிட்டேனுங்களா?" என்று அவளே கேட்டுத் திருத்தினாள். இலக்கணப் புத்தகம் பாடுபட்டு விளக்குகிற வேறுபாடு அவள் நாக்கிலேயே இருந்தது.

'சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று பலரும் எழுதுகிறார்கள். தமிழில் யாராவது 'அஞ்சு வருஷத்திலிருந்து வேலை பார்க்கிறேன்' என்பார்களா? 2019லிருந்து என்போம், அஞ்சு வருஷமா என்போம். முன்னது சின்ஸ், பின்னது ஃபார். வினைச்சொல்தான் முரண்டு பிடிக்கும். நம்முடைய 'பார்க்கிறேன்' அங்கே 'ஹேவ் பீன் வொர்க்கிங்' ஆக வேண்டும். அது எழுதி எழுதித்தான் படியும்.

'அடுத்த திங்கட்கிழமை வாங்க' என்பதில் உருபே இல்லை. நெக்ஸ்ட் மண்டேக்கு முன்னாலும் ஆன் கிடையாது. இதைச் சொன்னால் வகுப்பில் முகங்கள் மலரும்.

தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. காலையில், ராத்திரியில் இரண்டும் நமக்கு ஒன்றுபோலத்தான். ஆங்கிலத்திலோ இன் தி மார்னிங், ஆனால் அட் நைட். அதுவே திங்கட்கிழமைக் காலை என்றால் ஆன். வார இறுதிக்கு பிரிட்டனில் அட், அமெரிக்காவில் ஆன். இவற்றில் தவறினாலும் பையருக்குப் புரிந்துவிடும்.

நான் பயப்படுவது 'ரெண்டு நாள்ல அனுப்பறோம்' என்பதற்குத்தான். ரெண்டு நாளுக்குள் என்று நினைத்துச் சொல்கிறோம். 'இன் டூ டேஸ்' என்று போனால் ரெண்டு நாள் கழித்து என்றே அவர் எடுத்துக்கொள்வார். அங்கே விதின் போடுங்கள். தேதியையே எழுதிவிட்டால் இன்னும் நல்லது.